ரப்பர் கத்திக்குச் சீட்டு

சாமிக்கண்ணு காவல் காக்கும் கேட்டுக்குள் எது வேண்டுமானாலும் போகலாம். சீட்டு இல்லாமல் வெளியே வராது. காடாம்புலியூரில் அந்த முந்திரிக் கம்பெனிக்கு அவர் வாட்ச்மேனாக வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து இதுதான் சட்டம். பருப்பு டின், உடைந்த நாற்காலி, காலிச் சாக்கு எதுவானாலும் கையை நீட்டி நிறுத்துவார். சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். படிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் அவரும் ஒருவரை ஒருவர் கைகழுவிவிட்டார்கள். ஆனால் கையெழுத்தின் உருவம் தெரியும். பெரிய முதலாளியின் கையெழுத்து வால் நீண்ட எலி. மேனேஜரின் கையெழுத்து கொடியில் காயப்போட்ட துணி. எலியோ துணியோ இல்லாத காகிதம் அவருக்கு வெறும் காகிதம்.

ஒரு தடவை பெரிய முதலாளியே மகள் வீட்டுக்கென்று இரண்டு டின் பருப்பைக் காரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். கேட்டு திறக்கவில்லை.

"யோவ், நான்தான்யா மொதலாளி."

"தெரியுது. சீட்டு?"

முதலாளி கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு எலியை வரைந்து கொடுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் அந்தக் கேட்டைப் பற்றி அவர் ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை.

இப்போது பெரிய முதலாளிக்கு முழங்கால் போய்விட்டது. மகன் ஜெயப்பிரகாஷ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கோயம்புத்தூரில் படித்தவன், கெட்டவன் இல்லை, ஆனால் எதற்கும் ஒரு சர்டிபிகேட் இருந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். ஒரு நாள் காலையில் கேட்டுப் பக்கம் வந்து நின்றான்.

"சாமிக்கண்ணு, இன்சூரன்ஸ்காரங்க புதுசா ஒரு ரூல் போட்டுட்டாங்க. காவலுக்கு நிக்கிறவங்க எல்லாரும் தற்காப்பு டிரெய்னிங் முடிச்சிருக்கணும். நீயும் ராஜ்கமலும் ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கடலூருக்குப் போய்ட்டு வாங்க. ரெண்டு மாசம்தான்."

"எனக்கு அறுவத்தி ரெண்டு வயசாவுது தம்பி."

"அதனாலதான் சொல்றேன். சர்டிபிகேட் இல்லாதவங்கள நான் கேட்டுல நிறுத்த முடியாது."

நிறுத்த முடியாது என்றால் என்ன அர்த்தம் என்று சாமிக்கண்ணுவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கேட்டை ஒட்டிய ஒற்றை அறையில்தான் அவரும் மனைவி இருசம்மாளும் குடியிருந்தார்கள். வேலை போனால் அறையும் போகும். மகன் திருப்பூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு தீப்பெட்டிக்குள் இருக்கிறான். அங்கே போய்க் காலை நீட்டினால் பேரப்பிள்ளை தடுக்கி விழும்.

போனார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் தகரம் போட்ட கூடம். வாசலில் பெரிய பேனர்: கராத்தே, ஜூடோ, குங்ஃபூ, குத்துவரிசை, சிலம்பம், பெண்களுக்கான தற்காப்பு, காவலர்களுக்கான தற்காப்பு. ராஜ்கமல் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினான். அவனுக்கு இருபத்துநாலு வயது, கம்பெனியின் இன்னொரு வாட்ச்மேன், தினமும் தண்டால் எடுப்பவன்.

"ஒரே ஓட்டல்ல இத்தினி ஐட்டம் எழுதிப் போட்டிருந்தா ஒன்னுகூட சூடா இருக்காதுடா" என்றார் சாமிக்கண்ணு.

"உள்ள வந்து சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க பெரியவரே" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மாஸ்டர் செம்பியன். நாற்பது வயதிருக்கும். குட்டையான ஆள், இடது காது வெந்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தது. சாமிக்கண்ணுவுக்கு அந்தக் காதைப் பிடித்திருந்தது. பேனரை எவனும் அடித்துக்கொள்ளலாம், ஆட்டத்தில் அடிபட்டுச் சுருண்ட அந்தக் காதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

முதல் நாளே மாஸ்டர் தன் மணிக்கட்டை நீட்டினார். "புடிங்க. உங்க பலம் எவ்வளவோ அவ்வளவும் போட்டுப் புடிங்க. வுடாதீங்க."

சாமிக்கண்ணு இளவட்டத்தில் பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் இறக்கியவர். காம்பைப் பிடித்தால் பழம்தான் அறுந்து விழும், பிடி நழுவாது. இறுக்கிப் பிடித்தார். மாஸ்டர் சும்மா கதவைத் திறப்பது போல ஒரு திருகு திருகினார். கை வெளியே இருந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார் சாமிக்கண்ணு.

இன்னொரு வாட்டியும் போனது. மூன்றாவது வாட்டியும் போனது.

"நாலு வெரல் ஒரு பக்கம் சேந்து நிக்குது. கட்ட வெரல் ஒத்தையா நிக்குது. ஒத்தையா நிக்கிறவன் பக்கமா வெளிய வந்துடணும். பலமே வேணாம்."

சாமிக்கண்ணு தன் கட்டை விரலை ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்தார். அறுபத்திரண்டு வருஷம் கூடவே இருந்துவிட்டு இப்படி ஒரு ஓட்டையை மறைத்து வைத்திருந்ததே என்று அதன்மேல் கோபம் வந்தது. ஆனால் மாஸ்டர் சொன்னது உண்மை. உண்மையை அவர் ஒப்புக்கொள்வார். பார்த்த பிறகு.

வேறு சிலதும் ஒப்புக்கொண்டார். கண்ணைப் பார்க்காதே, தோளைப் பார். கை கிளம்பும் முன்னால் தோள் கிளம்பும். சரி. கத்தி வைத்திருப்பவனுக்கும் உனக்கும் நடுவில் ஏதாவது ஒன்று இருக்கட்டும், மேசையோ சைக்கிளோ நாற்காலியோ. சரி. சத்தம் போடு, அடிவயிற்றிலிருந்து போடு. அது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பக்கத்துக் கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"கத்தி வச்சிருக்கவன் ஓடணும்னு நெனச்சா ஓட வுடுங்க" என்றார் மாஸ்டர். "வழிய அடைக்காதீங்க. வழி இருந்தா ஓடிடுவான். இல்லன்னா குத்துவான்."

"ஓட வுடுறதுக்கா எனக்குச் சம்பளம்?"

"உயிரோட இருந்தாத்தான் சம்பளம்."

சாமிக்கண்ணு அதை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

பிறகு கத்திப் பாடம் வந்தது. இருவர் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒருவன் ரப்பர் கத்தியால் குத்த வருவான். மற்றவன் பக்கவாட்டில் விலகி, மணிக்கட்டைப் பிடித்துத் திருகி, கத்தியைப் பறிக்க வேண்டும். பறித்ததும் கைப்பிடிப் பக்கத்தை முன்னால் திருப்பித் தலையைச் சற்றுக் குனிந்து எதிராளியிடமே கொடுக்க வேண்டும். அவன் மறுபடி குத்த வருவான். இப்படிப் பத்துச் சுற்று நிற்காமல் ஓட வேண்டும். கூடத்தில் இருபது ஜோடி ஒரே தாளத்தில் செய்வதைப் பார்த்தால் கோலாட்டம் மாதிரி இருக்கும். குத்து, விலகு, பறி, கொடு. குத்து, விலகு, பறி, கொடு. அந்தக் கூட்டத்திலேயே அழகாகச் செய்தவன் ராஜ்கமல். அவன் கையில் கத்தி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது.

சாமிக்கண்ணுவின் ஜோடியில் முதல் சுற்றே ஓடவில்லை. ராஜ்கமல் குத்த வந்தான். இவர் விலகவெல்லாம் இல்லை. நெஞ்சில் இரண்டு ரப்பர்க் குத்து வாங்கிக்கொண்டு மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கட்டை விரல் பக்கம் திருகி வெளியே வருவதற்குக்கூட அவனுக்கு நேரம் கொடுக்காமல் நசுக்கினார். கத்தி கீழே விழுந்தது. எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ரெண்டு குத்து வாங்கிட்டீங்க. நெசக் கத்தின்னா நீங்க காலி" என்றார் மாஸ்டர்.

"செத்தாலும் கத்தி எங்கிட்டதான்."

"சரி, இப்ப திருப்பிக் குடுங்க. அடுத்த சுத்து."

"புடுங்குனத எதுக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

"அது மரியாத பெரியவரே. கூட ஆடுறவருக்கு நாம குடுக்குற மரியாத. எல்லா ஆட்டத்துலயும் உண்டு. சிலம்பத்துல கம்பு வுழுந்தாலும் எடுத்துக் குடுக்குறோம் இல்லியா?"

"குத்த வந்தவனுக்கு இன்னா மரியாத? அவன் இன்னா மாப்பிள்ளையா?"

கூடம் முழுக்கச் சிரித்தது. ராஜ்கமல் காதோரம் வந்து கெஞ்சினான். "பெருசு, குடுத்துடு. பரிட்சையில இதுக்குத் தனி மார்க்கு. ஒழுக்கம்னு பேரு."

"எங் கேட்டுல எனக்கு ஒரே ஒழுக்கம்தான். சீட்டு இல்லாம எதுவும் போவாது."

பரீட்சை நாளன்று பத்துச் சுற்றில் ஒரு சுற்றோடு நின்றார். ஃபெயில். இரண்டு வாரம் கழித்து மறு பரீட்சை. அதிலும் முதல் சுற்றிலேயே கத்தியைப் பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். மாஸ்டர் கையை நீட்டினார். இவர் அந்தக் கையைப் பார்த்தார், மாஸ்டர் முகத்தைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டார். ரப்பர் கத்தி அவரோடு பண்ருட்டி பஸ்ஸில் ஏறி காடாம்புலியூருக்கு வந்து, கேட்டு மேசையின் இழுப்பறையில் படுத்துக்கொண்டது.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது இருசம்மாள் தட்டை ணங்கென்று வைத்தாள்.

"அந்த ரப்பரத் திருப்பிக் குடுத்தா இன்னாய்யா கொறஞ்சிடும் உனுக்கு?"

"குத்த வந்தவன் கையில கத்தியக் குடுக்கச் சொல்றியா?"

"அது ரப்பருய்யா!"

"கத்தி ரப்பரு. கை ரப்பரா?"

"ஊடு போயிடும்யா. அத யோசிச்சியா? திருப்பூருல உன் மருமவ நம்ம ரெண்டு பேரையும் அலமாரி மேல ஏத்தி வெப்பா."

சாமிக்கண்ணு சோற்றைப் பிசைந்தார். யோசித்திருந்தார். மறுநாள் ஜெயப்பிரகாஷும் யோசித்துவிட்டு வந்திருந்தான். "தேர்த் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கெழம கடைசி வாட்டி பரிட்ச வெக்கச் சொல்லியிருக்கேன். அதுலயும் ஃபெயிலுன்னா ஒன்னாந் தேதிக்கு வேற ஆள் வந்துடும் சாமிக்கண்ணு. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்." பெரிய முதலாளி என்ன சொன்னார் என்று இவர் கேட்கவில்லை. கேட்டுச் சீட்டில் எலி வருவது நின்று ஒரு வருஷம் ஆகிவிட்டது.

சிதம்பரத்தில் கீழவீதியை ஒட்டி கம்பெனிக்கு ஒரு கடை உண்டு. ஆனித் திருமஞ்சனத் தேருக்கு ஊரே நெரியும், பாக்கெட் பருப்பு நன்றாகப் போகும். அதனால் மூன்று நாளைக்குச் சாமிக்கண்ணுவையும் ராஜ்கமலையும் அங்கே காவலுக்கு அனுப்பினான் ஜெயப்பிரகாஷ். ராஜ்கமல் கடை முகப்பில் நின்றான். சாமிக்கண்ணுவுக்குப் பின்பக்கம். பின்சந்திலிருந்து ஒரு கம்பிக் கேட்டு, உள்ளே ஒரு சின்ன முற்றம், முற்றத்தின் ஒரு பக்கம் கொட்டைச் சாக்கு அடுக்கியிருக்கும், மறு பக்கம் ஸ்டாக் ரூம். ஸ்டாக் ரூமில் வெண்மதி என்ற பெண் பருப்பை எடை போட்டுப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தாள். முற்றத்திலிருந்து கடைக்குள் போக ஒரு கதவு, அது கடைப் பக்கமிருந்துதான் திறக்கும். அவ்வளவுதான் இடம். சாமிக்கண்ணு கம்பிக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கேட்டு எந்த ஊரில் இருந்தாலும் கேட்டுதான்.

தேர் அன்று பகல் பதினொன்றரை மணி. தேர் நகர்ந்து வருவது தெரிந்து முன்வீதியில் கூச்சல் ஏறிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் பின்சந்தில் வேறு மாதிரி ஒரு கூச்சல் கேட்டது. "புடி! புடி! சங்கிலி! சங்கிலி!" மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் சந்துக்குள் ஓடி வந்தான். ஒரு கையில் அறுந்த சங்கிலி, ஒரு கையில் கத்தி. சந்து அந்தப் பக்கம் முட்டுச்சந்து என்று அவனுக்குத் தெரியாது. திறந்திருந்த கம்பிக் கேட்டைப் பார்த்ததும் சாமிக்கண்ணுவைத் தாண்டி உள்ளே பாய்ந்தான்.

சாமிக்கண்ணு எழுந்தார். எழுந்தவரின் கை, அவரைக் கேட்காமலே, கம்பிக் கேட்டை இழுத்துச் சாத்திக் கொண்டியைப் போட்டது. உள்ளே வந்துவிட்டது அல்லவா, இனி எப்படி வெளியே போகும்?

மஞ்சள் சட்டை முற்றத்தைச் சுற்றிப் பார்த்தான். வழி இல்லை. திரும்பினான். கேட்டு சாத்தியிருந்தது, கேட்டுக்கு முன்னால் ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார்.

"தொறடா!"

சாமிக்கண்ணுவின் வாயும் அவரைக் கேட்கவில்லை. "சீட்டு?" என்றது.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாத கோபத்தோடு கத்தியை ஓங்கிக்கொண்டு வந்தான். சாமிக்கண்ணு நாற்காலியைத் தூக்கி நாலு காலையும் அவன் பக்கம் நீட்டினார். நடுவில் ஏதாவது இருக்கட்டும். மாஸ்டர் சொன்னது சரிதான். கத்தி ஒரு தடவை நாற்காலிக் காலில் பட்டுச் சறுக்கியது, இன்னொரு தடவை காற்றைக் கிழித்தது. அவரை எட்டவில்லை. ஆனால் அவன் சும்மா இருக்கவில்லை. ஸ்டாக் ரூம் வாசலில் வெண்மதி நிற்பதைப் பார்த்தான். அவளைப் பிடித்தால் கேட்டு திறக்கும் என்று கணக்குப் போட்டிருப்பான் போலிருக்கிறது. அவள் பக்கம் ஓடினான்.

அப்போதுதான் சாமிக்கண்ணுவுக்கு உறைத்தது. வழியை அடைத்தது யார்? அவர்தான். அடைத்ததனால்தான் இவன் அந்தப் பெண்ணிடம் போகிறான்.

வெண்மதி கத்தவில்லை, அழவில்லை. அவன் இரண்டு எட்டு வைக்கும்போதே உள்ளே போய்க் கதவை அறைந்து தாழ்ப்பாளைப் போட்டாள். கதவு அவன் மூக்கில் மோதாத குறை. அடுத்த நொடியில் உள்ளே இருந்து அவள் போட்ட சத்தம் தேரையே நிறுத்தியிருக்கும். "ராஜ்கமலண்ணா! கத்தி! பின்னாடி கத்தி!"

ராஜ்கமல் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தான். மஞ்சள் சட்டை அவனைக் குத்தப் போனான். ராஜ்கமல் பக்கவாட்டில் விலகினான், மணிக்கட்டைப் பிடித்தான், திருகினான், கத்தி அவன் கைக்கு வந்தது. அடடா, என்ன அழகு! எட்டு வாரம் கூடத்தில் பார்த்ததைவிட அழகு. நெசக் கத்தி, நெசத் திருடன், ஒரு கீறல்கூட இல்லை. சாமிக்கண்ணுவே ஒரு கணம் நாற்காலியைத் தாழ்த்திவிட்டு, 'பலே' என்று நினைத்தார்.

அடுத்து ராஜ்கமல் கைப்பிடிப் பக்கத்தை முன்னால் திருப்பினான். தலையைச் சற்றுக் குனிந்தான். கத்தியைத் திருடனிடம் கொடுத்தான்.

திருடன் வாங்கிக்கொண்டான். வாங்கிய பிறகுதான் என்ன நடந்தது என்று அவனுக்கே புரிந்தது. ராஜ்கமலைப் பார்த்தான். ராஜ்கமல் தன் காலியான கையைப் பார்த்தான். இந்த உலகத்தில் அந்த நொடியில் அவர்கள் இருவரையும் போல் திகைத்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"அட மடப்பயலே!" என்று சாமிக்கண்ணு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

முதலில் தெளிந்தவன் திருடன்தான். கத்தியை வீசினான். ராஜ்கமலின் முழங்கைக்குக் கீழே ஒரு கோடு விழுந்து சிவந்தது. இரண்டாவது வீச்சுக்கு அவன் கை ஓங்குவதற்குள் சாமிக்கண்ணு நாற்காலியோடு போய்ச் சேர்ந்தார். மண்டியில் பலாப்பழத்தை வண்டிக்குள் திணிப்பது போல நாலு காலுக்கு நடுவில் அவனை மாட்டி, கொட்டைச் சாக்கோடு சாக்காக வைத்து அழுத்தினார். உடம்பு மாட்டிக்கொண்டது. கத்தி பிடித்த கை மட்டும் நாற்காலிக்கு வெளியே துள்ளிக்கொண்டிருந்தது.

"டேய் ராஜ்கமலு! இன்னொரு வாட்டி புடுங்குடா!"

ராஜ்கமல் ரத்தம் சொட்டச் சொட்ட வந்தான். மணிக்கட்டைப் பிடித்தான், திருகினான். கத்தி மறுபடி அவன் கைக்கு வந்தது. அந்தக் கை தானாகவே கைப்பிடியை முன்னால் திருப்பத் தொடங்கியது. கூடத்தில் எத்தனை ஆயிரம் தடவை திருப்பிய கை அது! நாற்காலிக்குள்ளிருந்து திருடன் வாங்கிக்கொள்ள ஆவலோடு உள்ளங்கையை விரித்துவிட்டான்.

"எங்கிட்ட!" என்று கர்ஜித்தார் சாமிக்கண்ணு. நாற்காலியை வயிற்றால் முட்டிக்கொண்டு ஒரு கையை நீட்டினார். "எங்கிட்டக் குடுடா! அவன்கிட்ட சீட்டு இல்ல!"

கத்தி சாமிக்கண்ணுவின் கைக்கு வந்தது. கீழே போட்டு மிதித்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் அங்கிருந்து காலை எடுக்கவில்லை. வெண்மதி தாழ்ப்பாளைத் திறந்து வந்து தன் துப்பட்டாவை ராஜ்கமலின் கையில் சுற்றிக் கட்டினாள். கம்பிக் கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது. "தொறங்க தாத்தா, தொறங்க" என்று கத்தியது. போலீஸ்காரர் தலை தெரிந்த பிறகுதான் கேட்டைத் திறக்கச் சொல்லி வெண்மதிக்குக் கண்ணைக் காட்டினார்.

சப்-இன்ஸ்பெக்டர் திருடனை ஜீப்பில் ஏற்றினார், சங்கிலியை எடுத்துக்கொண்டார். பிறகு சாமிக்கண்ணுவின் காலைப் பார்த்தார்.

"கத்திய எடுங்க பெரியவரே. கேஸுக்கு வேணும்."

"எடுத்துக்குங்க சார். ஒரு சீட்டு எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்குங்க."

"இன்னா சீட்டு?"

"இங்கேர்ந்து ஒரு கத்தி போவுதுன்னு."

சப்-இன்ஸ்பெக்டர் ராஜ்கமலைப் பார்த்தார். "எழுதிடுங்க சார், அவரு காலு நவுராது" என்றான் ராஜ்கமல். எழுதினார். சாமிக்கண்ணு சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பாம்புக்குட்டி படம் எடுத்த மாதிரி ஒரு கையெழுத்து. திருப்திதான். காலை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடலூர்க் கூடத்துக்கு ஜெயப்பிரகாஷும் கூடவே வந்தான். கதை அவர்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. ராஜ்கமல் கையில் ஏழு தையல். அவன் உள்ளே வந்ததும் நாலைந்து பேர் குனிந்து வணங்கிக் கைப்பிடியை நீட்டுவது போல் நடித்துக் காட்டினார்கள். "போங்கடா, உங்க கையும் அதத்தான்டா செய்யும்" என்றான் அவன். சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் அது உண்மை.

மாஸ்டர் செம்பியன் சிரிக்கவில்லை. அவர் முகம் இரண்டு நாள் தூங்காத முகமாக இருந்தது. எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"பதினாறு வருஷமா இந்தப் பாடத்த இப்படித்தான் நடத்துறேன். மரியாதைன்னு நெனச்சு ஒரு கெட்ட பழக்கத்தக் கைக்குள்ள ஏத்தி வுட்டுட்டேன். இந்தப் புள்ள உசுரு போயிருந்தா அது எம்மேலதான். பெரியவரு ரெண்டு வாட்டி சொன்னாரு. நான் ஃபெயிலு போட்டேன்."

ஜெயப்பிரகாஷ் தொண்டையைச் செருமினான். "அப்ப சர்டிபிகேட்ட இன்னிக்கே..."

"இருங்க சார், முடிக்கல. மூணு பேரு அங்க இருந்தீங்க. ஒழுங்காச் செஞ்சது யாரு தெரியுமா? கதவச் சாத்திக்கிட்டு சத்தம் போட்டுச்சே, அந்தப் பொண்ணு ஒருத்திதான். அது என் கிளாசுக்கே வந்ததில்ல." சாமிக்கண்ணுவின் பக்கம் திரும்பினார். "கேட்ட ஏன் சாத்துனீங்க?"

கூடம் அவரைப் பார்த்தது. சாமிக்கண்ணுவுக்குப் பொய் சொல்ல வராது. மற்றவர்கள் சொல்லும் பொய்தான் அவருக்குத் தெரியும்.

"கை சாத்திடுச்சி" என்றார். "நீங்க வேணாம்னு சொன்னீங்க. நான் கேக்கல. அதாலதான் அவன் அந்தப் பொண்ணுகிட்டப் போனான். அது என் தப்புதான்."

"அப்ப உங்க கையும் ராஜ்கமல் கையும் ஒன்னுதான்."

"ஒன்னுதான்" என்றார். அதைச் சொல்வதற்கு ஒரு முழு மூச்சு தேவைப்பட்டது.

"சும்மா குடுக்குற சர்டிபிகேட்ட வாங்குவீங்களா?"

"சும்மா எவன் இன்னா குடுத்தாலும் நான் வாங்குனதில்ல. பரிட்ச வையுங்க."

மாஸ்டர் கூடத்து வாசலில் இருபக்கமும் இரண்டு நாற்காலி போட்டார். அதுதான் கேட்டு. நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அதுதான் கதவு. சுவரோரம் ஒரு நீல வாளி வைத்தார். "இனிமே புடுங்குன கத்தி யாருகிட்டயும் போவாது. பின்னால தள்ளி வாளியில வுழும். அதான் புதுப் பாடம்." பிறகு இன்னொரு ரப்பர் கத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு காலி டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவரே திருடன் ஆனார்.

முதலில் குத்த வந்தார். சாமிக்கண்ணு இந்தத் தடவை நெஞ்சைக் காட்டவில்லை. நாற்காலி ஒன்றைத் தூக்கி நடுவில் வைத்தார். மாஸ்டர் வலது பக்கம் வந்தார், நாற்காலி வலது பக்கம் வந்தது. இடது பக்கம் வந்தார், அங்கேயும் வந்தது. ஒரு தடவை கை நீண்டபோது மணிக்கட்டு மாட்டியது. நசுக்கினார். கத்தி விழுந்தது, காலால் எத்தினார், வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றது. பெண்கள் வரிசையிலிருந்து ஒரு விசில் வந்தது.

மாஸ்டர் குனிந்து காலுறைக்குள்ளிருந்து இரண்டாவது கத்தியை எடுத்தார். கூடம் "ஓ" என்றது. சாமிக்கண்ணு ஆச்சரியப்படவில்லை. ஒரு கத்தி வைத்திருப்பவனிடம் இன்னொன்று இருக்கும் என்றுதான் அவர் எப்போதும் நினைப்பார். மாஸ்டர் கத்தியைக் காட்டிக்கொண்டே, டின்னோடு வாசல் பக்கம் நகர்ந்தார். மூங்கில் தட்டி சாமிக்கண்ணுவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கம் தோளிலிருந்து கிளம்பியது. தோள் கிளம்பும், பிறகு கை கிளம்பும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். சாமிக்கண்ணு தன் தோளையே பார்த்தார். வலது கை தட்டியை நோக்கிப் போனது. இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார். டின் போகிறது. சீட்டு இல்லாமல் போகிறது. கண்ணுக்கு முன்னால் போகிறது. நெற்றியில் வியர்வை உருண்டது. அவர் இரண்டு எட்டு பின்னால் வைத்து வழி விட்டார். வழி விட்டுவிட்டுக் கத்தினார்.

"திருடன்! குட்ட ஆளு! எடது காது சுருண்டிருக்கு! கறுப்பு பேண்ட்டு! டின்னு எங்களுது! மேக்கால ஓடுறான்! புடி!"

மாஸ்டர் டின்னோடு வெளியே ஓடி, கல்யாண மண்டபத்துச் சமையல்காரரின் கையில் நிஜமாகவே மாட்டிக்கொண்டார். விளக்கிச் சொல்லி மீண்டு வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

"பாஸ்" என்றார் மூச்சு வாங்கியபடி.

சர்டிபிகேட்டில் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெயப்பிரகாஷ் அதை வாங்கக் கையை நீட்டினான். சாமிக்கண்ணு அவனுக்கு முன்னால் வாங்கிக்கொண்டார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒற்றைக் காலைத் தூக்கி உதைக்க நிற்கும் ஒரு ஆள் மாதிரி இருந்தது மாஸ்டரின் கையெழுத்து. நல்ல கையெழுத்து. எந்தக் கேட்டிலும் அடையாளம் தெரியும்.

"ஒன்னாந் தேதிக்கு வேற ஆளு வருமா தம்பி?" என்று கேட்டார்.

"வராது" என்றான் ஜெயப்பிரகாஷ். "அப்பா அன்னிக்கே சொன்னாரு, 'அந்தாள அனுப்பணும்னா மொதல்ல சீட்டு எழுதணும், நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னு."

சாமிக்கண்ணு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். சர்டிபிகேட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். பிறகு இடுப்பிலிருந்து அந்தப் பழைய ரப்பர் கத்தியை உருவினார். காலையில் கிளம்பும்போதே இழுப்பறையிலிருந்து எடுத்து வந்திருந்தார்.

மாஸ்டர் கையை நீட்டவில்லை. சுவரோரத்து வாளியைக் காட்டினார்.

சாமிக்கண்ணு நடந்து போய்க் கத்தியை வாளிக்குள் போட்டார். சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார். சீட்டு இருந்தது.